முட்டுக் கொடுத்துவிட்டு வெட்டு

என் கராஜ் சுவரில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில், ஓர் ஆணியடித்து இரண்டு ஆங்கிள் இரும்புத் துண்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் மூன்றடி இருக்கும். இரண்டு முனைகளிலும் வெல்டிங் பிடித்து, பிறகு கிரைண்டரால் அறுத்தெடுத்த தழும்பு. வருகிறவர்கள் நேரே சிவப்பு எம்.ஜி. காரிடம் போய்விடுவார்கள். பொனட்டைத் தடவிப் பார்ப்பார்கள், கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள், என்ன விலை போகும் என்று கேட்பார்கள். இரும்புத் துண்டுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு வயது எழுபத்தொன்று. பின்னால் வருகிறவர்களிடம் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தவை அந்தத் துண்டுகள்தான்.

நான் இலங்கையின் மாத்தளை மாவட்டத்து மலைப்பக்கத்தில், இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்தெடுத்தார். அம்மாவின் அண்ணன் தோட்டத்துத் துரையின் பங்களாவில் டிரைவர். துரையிடம் ஓர் எம்.ஜி. மிட்ஜெட் இருந்தது. 1961-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய கார் அது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி. ஏப்ரலில் நுவரெலியா சீசன் தொடங்கினால் துரை அதில் ஏறி மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்கப் புறப்படுவார். 1934-ல் தொடங்கிய பந்தயம் அது. முதல் நாள் மாலை மாமா காரைக் கழுவும்போது என் கையிலும் ஒரு துணியைத் தருவார். முன்விளக்கின் வளையத்தைத் துடைப்பது என் வேலை. எட்டு வயதுப் பையனின் முகம் அந்த வளையத்தில் வளைந்து நெளிந்து தெரியும். உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே வந்ததில்லை.

வளர்ந்து தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் ஆனேன். பெல்ஃபாஸ்ட் நகரத்து டேவிட்சன் கம்பெனியின் சிரோக்கோ உலர்த்திகளோடு பாதி ஆயுள் போயிற்று. 1996-ல் மலையை விட்டு இறங்கி, வில்கமுவப் பக்கம் ஒரு நெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்படியே இங்கே ஊன்றிவிட்டேன். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலை, கிழக்கே மகாவலி. மினிப்பே இடதுகரைக் கால்வாய்த் தண்ணீரில் வயல்கள். அதற்கப்பால் வஸ்கமுவக் காடு. சுற்றிலும் சிங்களக் குடும்பங்கள். என்னை ‘பாஸ் மாமா’ என்று கூப்பிடுவார்கள். லேண்ட்மாஸ்டர், தண்ணீர் பம்பு, நெல் தூற்றும் மெஷின் என்று அவர்கள் கொண்டுவருகிற எல்லாவற்றையும் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டிலில் பழுது பார்ப்பேன். அந்தக் கொட்டில்தான் என் கராஜ். அதில் ஒரு மூட்டை நெல்கூட வைக்க மாட்டேன். நெல் வாசனைக்கு ராத்திரி யானை வரும். சுவர் என்றும் பார்க்காது, கார் என்றும் பார்க்காது.

2014-ல், மாத்தளை டவுனுக்கு வெளியே ஒரு தேங்காய்க் கொட்டிலில் ஒரு மிட்ஜெட் கிடக்கிறது என்று தகவல் வந்தது. துரையின் கார் அல்ல. அதே இனத்தைச் சேர்ந்த வேறொன்று. சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. சேமிப்பில் ஒரு பகுதியைக் கொடுத்து வாங்கி, லொறியில் ஏற்றி, இறத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக மலையைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கி ஊருக்குக் கொண்டுவந்தேன். வரும் வழி முழுக்க முன்விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். வளையம் துருப்பிடித்திருந்தது. முகம் தெரியவில்லை.

இந்த நாட்டில் ஒரு மிட்ஜெட்டை உயிரோடு வைத்திருக்க முடிவதற்குக் காரணம் மொரிஸ் மைனர். அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைனர் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். மாதிரிக் கார் தயாரான பிறகு, அது ஒடுக்கமாக இருப்பதாக அவர் மனத்துக்குப் பட்டது. நடுவே நீளவாக்கில் அறுக்கச் சொல்லி, இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அதற்குள் பழைய அளவில் பம்பர்கள் செய்தாகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு தகட்டை வைத்து இணைத்தார்கள். ஆரம்பகால மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டு வெளிப்படையாகவே தெரியும். பதினாறு இலட்சம் கார்கள் விற்ற கதை அப்படி ஒரு வெட்டோடுதான் தொடங்கியது. மிட்ஜெட்டும் அதன் இரட்டைப் பிறவியான ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டும் மைனரின் ஸ்டியரிங் ரெக்கை எடுத்துக்கொண்டவை. எஞ்சினும் அதே ஏ சீரிஸ் குடும்பம். மைனருக்கு ஒரு எஸ்.யூ. கார்புரேட்டர், மிட்ஜெட்டுக்கு இரண்டு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக் கிடந்த காலத்தில் நம் நாட்டு மெக்கானிக்குகள் மைனரை ஓட்டியே காலம் தள்ளினார்கள். 1990களில் மைனரின் உடல் தகடுகளை இங்கேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் அளவுக்குக் கை தேர்ந்துவிட்டது. அதனால் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு நாள் அலைந்தால் எஞ்சினுக்கு வேண்டியது கிடைத்துவிடும். என் காரில் ஏற்கெனவே ஒரு மைனரின் 1098 சி.சி. எஞ்சின்தான் இருந்தது.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. என்னைத் திணறடித்தது உடல்.

பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு காரின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினேன். நல்ல இரும்பு இருக்கும் இடத்தில் காந்தம் இழுத்துப் பிடிக்கும். பட்டி பூசிய இடத்தில் நழுவி விழும். கதவுக்குக் கீழே வந்ததும் விழுந்தது. அரை அடி தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. உளியால் தட்டினேன். பெயின்ட், அதற்குக் கீழே பட்டி, அதற்குக் கீழே இன்னொரு நிறத்துப் பெயின்ட், மறுபடி பட்டி. விரல் மொத்தத்துக்குப் பெயர்ந்து வந்தது. அதற்கும் உள்ளே, ஓட்டையை அடைக்கத் திணித்த பத்திரிகைத் தாள் பழுப்பேறி, ஈரத்தில் ஊறி, மறுபடி காய்ந்து கட்டியாகியிருந்தது. விரலை விட்டேன். துரு அவல் போல உதிர்ந்தது. வெளியே பளபளப்பு, தாங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

கதவுக்கு அடியில், முன்னிருந்து பின்வரை ஓடும் அந்தத் தகட்டுப் பெட்டியைச் சில் என்பார்கள். லொறிக்குச் சேசிஸ் இருப்பது போல மிட்ஜெட்டுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே எலும்பு. மற்றக் கார்களில் கூரையும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். திறந்த காரில் மேலே ஒன்றும் இல்லையே. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிற்பவை இரண்டு பக்கச் சில்லும் நடுவில் கியர்பொக்ஸ் ஓடும் குகையும்தான். சில் போனால் இடுப்பு போனது மாதிரி.

அழுகியதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைக்க வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் இரும்போடு பழகியவன் நான்; ஒரு தகடு வெட்டுவது பெரிய காரியமா? முன் அச்சுக்கு அடியில் இரண்டு ஜெக், பின் அச்சுக்கு அடியில் இரண்டு ஜெக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். கிரைண்டரை எடுத்து, வலது பக்கச் சில்லை ஒரே மூச்சில், ஒரு பகல் பொழுதில் வெட்டி எடுத்தேன். துருப்பிடித்த தகடுகளைக் கொட்டிலுக்கு வெளியே குவித்தபோது மனசு நிறைந்திருந்தது. அழுக்கைத் துடைத்துவிட்ட நிம்மதி.

மறுநாள் காலையில் புதுத் தகட்டை அளந்து பார்க்கலாம் என்று, கழற்றி வைத்திருந்த வலது கதவைத் தூக்கி அதன் இடத்தில் பொருத்தினேன். போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். நாடாவைப் பிடித்து அளந்தேன். கதவு நிற்கும் இடைவெளியின் அடிப்பகுதி அப்படியே இருக்க, மேல்பகுதி ஒரு விரற்கடை சுருங்கியிருந்தது. இரண்டு முனையில் மட்டும் தாங்கிய கார், இடுப்பெலும்பை எடுத்ததும் நடுவில் தொய்ந்து, முன் தூணும் பின் தூணும் ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்துவிட்டன. நான் தொடாத இடது பக்கத்துக் கதவும் மூடும்போது உரசியது. அழுகலை எடுத்ததில் தவறில்லை. அதை எடுத்த விதத்தில் காரையே வளைத்துவிட்டேன்.

மூன்று மாதம் தொடவில்லை. ஒரு படங்கைப் போட்டு மூடிவிட்டேன்.

மாத்தளையில் வயதான ஒரு முஸ்லிம் டிங்கர் இருந்தார். தொழிலை விட்டுப் பல வருஷம். எனக்கு முன்பே பழக்கம். ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, வெட்ட முந்தி முட்டுக் குடுத்தீங்களா?”

“இல்ல நானா. ஜெக் வச்சுத்தான் வெட்டினேன்.”

“ஜெக் பாரத்தத் தாங்கும். உருவத்த யாரு தாங்குறது?”

அடுத்த வாரம் பஸ் ஏறி வில்கமுவவுக்கே வந்துவிட்டார். கொட்டிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எதையும் தொடாமல் சொல்லிக்கொடுத்தார். முதலில் நடுவில் ஒரு பலகையும் அதன் மேல் ஜெக்கும் வைத்து, ஒரு நாளைக்குக் கால் அங்குலத்துக்கும் குறைவாகத் தொய்வைத் தூக்கச் சொன்னார். இடைவெளி பழைய அளவுக்கு வரப் பல நாள் ஆயிற்று. வந்த பிறகு, கதவு இடைவெளியின் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு, ஓர் ஆங்கிள் இரும்பை வைத்து வெல்டிங் பிடிக்கச் சொன்னார். மறுபக்கமும் அப்படியே. மூலைக்கு மூலை அளந்து சுவரில் எழுதச் சொன்னார். “இனி வெட்டுங்க. ஆனா ஒரு பக்கம் முடிஞ்சு சூடு ஆறின பொறகுதான் மத்தப் பக்கம். ரெண்டையும் ஒண்ணா வெட்டுனா முட்டும் தாங்காது.” ஒரு சாண் வெட்டு, ஒரு சாண் ஒட்டு. ஒட்டிய இடம் ஆறும்வரை காத்திரு. அளந்து பார். பிறகு அடுத்த சாண். கிளம்பும்போது கூலி கொடுத்தேன், வாங்கவில்லை. ஒரு மரவள்ளிக் கிழங்குப் பையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ‘உருவத்த யாரு தாங்குறது’ என்ற கேள்வி காரைத் தாண்டி எங்கோ போய்க் குத்தியது.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள். 2006-ல் மகனுக்கு இருபத்து மூன்று வயது. சூதாட்டத்தில் விழுந்துவிட்டான். கடன். கடனை அடைக்க மேலும் சூது. கடைசியில் தங்கையின் கல்யாணத்துக்கென்று அவன் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த நகையை எடுத்துக்கொண்டுபோய் அடகு வைத்தான். அடகு மீளவில்லை. விஷயம் தெரிந்த அன்று, முற்றத்தில், அண்டை அயலார் பார்த்துக்கொண்டு நிற்க, அவன் துணிப்பையைத் தூக்கி வெளியே எறிந்தேன். “இந்த வாசலை மிதிக்காதே” என்றேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தான்.

அந்த இரவும் எனக்கு அதே நிம்மதிதான் இருந்தது, துருத் தகட்டைக் குவித்துவிட்டு நின்றபோது இருந்ததே, அது. கெட்டதை வெட்டிவிட்டேன். தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன்.

பிறகு வீடு தொய்ந்தது. மனைவி சோறு பரிமாறுவாள், பேச மாட்டாள். மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், “அண்ணன் எங்கே?” என்ற கேள்வியிலேயே நின்றுபோயின. நான் மகனைத்தான் வெட்டினேன். மகளின் கதவும் மூடவில்லை. அவன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான் என்று யாரோ சொன்னார்கள். ஒன்பது வருஷம் நான் போய்ப் பார்க்கவில்லை. என் பிடிவாதத்துக்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அவன் செய்தது தப்பு. இன்றைக்கும் அதைத் தப்பு என்றுதான் சொல்வேன். அந்த அழுகல் மேல் பட்டி பூசிப் பாசம் காட்டியிருந்தால் அது எலும்புவரை போயிருக்கும். பட்டி பூசுகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் மோசமாக விழுந்தார்கள். வெட்டத்தான் வேண்டும். ஆனால் அவன் எங்கே படுப்பான், யாரிடம் சாப்பிடுவான், என்ன வேலை செய்து கடனைத் தீர்ப்பான் என்று ஒரு முட்டும் நான் கொடுக்கவில்லை. அந்த முட்டுகளைக் கொடுக்கக்கூடிய மனிதர்கள் என்னைச் சுற்றி இருந்தார்கள். கேட்க எனக்குத் தோன்றவில்லை. கோபத்தில் கிரைண்டர் மட்டும்தான் கைக்கு வரும்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது எது தெரியுமா? இந்தப் பாடம் என் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒரு முறை கவ்வாத்து வெட்டி இறக்குவார்கள். வெட்டாவிட்டால் செடி மரமாகி உயர்ந்துவிடும், கொழுந்து வராது. அப்படி வெட்டும்போது சில செடிகளில் ஓரமாக இரண்டு மூன்று கிளைகளை இலையோடு விட்டுவைப்பார்கள். வெட்டுப்பட்ட செடி மூச்சுவிட அந்த இலைகள் வேண்டும். அதனால் அவற்றை நுரையீரல் என்றே தோட்டத்து அதிகாரிகள் சொல்வார்கள். அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு, “கத்திய ஓங்கறதுக்கு முன்ன எத விடணும்னு பாருடா” என்பார். நான் தேயிலை வெட்டப் போகவில்லை, மெஷின் வேலைக்குப் போனேன். அந்த வார்த்தை எனக்கில்லை என்று நினைத்துவிட்டேன்.

ஊரையும் நாட்டையும் பார்த்தாலும் இதே கதை தெரிகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வீச்சில் நிறுத்தப்பட்டது. மண்ணைக் காக்க வேண்டும், உரச் செலவு குறைய வேண்டும் என்பதில் எங்கள் வில்கமுவ விவசாயிகளுக்கே மறுப்பில்லை. வருஷா வருஷம் உரமூட்டை கூடிக்கொண்டே போவது அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் மாற்று உரம் போதுமான அளவு கையில் வருவதற்கு முன்பே பழையது வெட்டப்பட்டது. பெரும்போகத்துப் பயிர் மஞ்சளடித்து நின்றதைக் கால்வாய்க் கரையில் நின்று பார்த்தேன். நவம்பரில் தடை நீங்கியது. அதற்குள் விளைச்சல் நாடு முழுக்கச் சரிந்தாகிவிட்டது. அதற்கும் முன்னே, 1964-ல் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதாகக் கையெழுத்தானது. என் மாமாவும் அப்படிப் போனவர். காரைக் கழுவி எனக்குத் துணி தந்த அந்தக் கை, கோத்தகிரிப் பக்கம் குளிரில் விறகு வெட்டிப் பிழைத்தது. காகிதத்தில் கோடு கிழிப்பவருக்கு வெட்டு ஒரு நிமிஷம். முட்டில்லாமல் வெட்டப்பட்ட குடும்பம் நிமிர இரண்டு தலைமுறை வேண்டியிருந்தது.

நான் என் வீட்டிலிருந்து தொடங்கினேன். டிங்கர் நானா வந்துபோன அடுத்த மாதம் கொழும்புக்குப் போனேன். மகனைப் பார்ப்பதற்கு முன் கண்டியில் இறங்கி மைத்துனரைப் பார்த்தேன். அவர் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். “அவனுக்கு உங்க கடையில வேலை வேணும். காசு அவன் கையில படாத வேலையா இருக்கட்டும். படுக்க ஒரு இடம் வேணும்” என்றேன். அவர் தயங்கவில்லை. “ஒம்பது வருஷமா நீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன் மச்சான்” என்றார். அது முதல் முட்டு. மகளிடமும் பேசினேன். அண்ணனை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் கடனைத் திருப்பித் தரும் வரை அவனைப் பற்றி வெளியே பேசாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அது மறுபக்கத்து முட்டு. பிறகுதான் மகன் முன்னால் போய் நின்றேன்.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. முடி முன்னால் கொட்டியிருந்தது. கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று பேசினோம். வேலை இருக்கிறது, இடம் இருக்கிறது என்று முதலில் சொன்னேன். அதன் பிறகு வெட்ட வேண்டியதை வெட்டினேன்: தங்கையின் நகைப்பணம் மாதாமாதம் அவள் கைக்குப் போக வேண்டும், எத்தனை வருஷமானாலும். அவன் அழுதான். ஒப்புக்கொண்டான். நாலு வருஷம் பிடித்தது. ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தங்கைக்குக் கல்யாணமும் அந்த நாலு வருஷத்துக்குள்ளேயே நடந்தது.

பௌர்ணமி விடுமுறையான போயா நாள்களில் மகன் வில்கமுவவுக்கு வருவான். நான் தகடு பிடிப்பேன், அவன் வெல்டிங் வைப்பான். பழைய விஷயம் எதையும் நாங்கள் உட்கார்ந்து பேசியதில்லை. “இன்னும் அரை நூல் மேல” என்பேன். “சரியாப்பா” என்பான். சுவரில் எழுதிய அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம். வலது பக்கம் முடிந்தது, இடது பக்கம் முடிந்தது.

முடிந்த பிறகும் நான் முட்டுகளை எடுக்கவில்லை. இன்னொரு முறை அளப்போம், ஒரு மழைக்காலம் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். மகன் விஷயத்திலும் அப்படித்தான். மைத்துனருக்கு வாராவாரம் தொலைபேசி எடுத்து அவன் எப்படி இருக்கிறான் என்று விசாரிப்பேன். அவன் சட்டைப்பையில் பணம் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். அவனுக்கு வரும் கடிதத்தை நான் பிரிப்பேன். முட்டு இல்லாமல் வெட்டிய பயம், முட்டுகளை எடுக்க விடாத பயமாக மாறியிருந்தது.

2019-ல் ஒரு போயா நாள். அவன் காரின் பக்கத்தில் நின்றான். கதவு இடைவெளியின் குறுக்கே இரும்பு நிற்கும்போது உள்ளே யாரும் ஏறி உட்கார முடியாது. அந்த இரும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

“அப்பா, இது எப்ப வரைக்கும் இருக்கணும்?”

எனக்குப் பதில் வரவில்லை.

“தானா நிக்குமான்னு பாக்க வேணாமா?” என்றான். அவன் காரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தேயிலையிலும் அந்த நுரையீரல் கிளைகளை அப்படியே விட்டுவிட மாட்டார்கள். புதுக் கிளைகள் தளிர்த்து உயர்ந்ததும் வெட்டி எடுத்துவிடுவார்கள். விட்டால் செடியின் சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். அப்பா சொன்னதில் பாதியை நான் மறந்திருந்தேன்.

கிரைண்டரை அவன் கையில் கொடுத்தேன். வெல்டிங் பிடித்த இடத்தை அவனே அறுத்தான். பொறி பறந்தது. முதல் துண்டு கழன்று சிமென்டுத் தரையில் விழுந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காரையே பார்த்தேன். ஒரு முனகல் கேட்கும், ஒரு மயிரிழை இறங்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது துண்டும் விழுந்தது. நாடாவை எடுத்து அளந்தோம். சுவரில் எழுதியிருந்த அளவு அப்படியே இருந்தது.

அதன் பிறகு மிச்ச வேலைக்கு நாலு வருஷம் ஆயிற்று. கொரோனா வந்தது. 2020-ல் வாகன இறக்குமதி நின்று, பழைய கார்களுக்கு மறுபடி மரியாதை வந்தது. 2022-ல் எஞ்சின் தயாராக இருந்தும் பெற்றோல் இல்லாமல் நின்றது. 2023-ல், சிறுபோக அறுவடை முடிந்த ஒரு மாலையில் கார் முதல் முறையாகக் கால்வாய்க் கரை வீதியில் ஓடியது. ஓட்டியவன் மகன். பக்கத்து சீட்டில் நான். அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்கத் தோன்றாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அது பெரிய மகிழ்ச்சிதான், மறைக்க மாட்டேன்.

ஆனாலும் என் நினைவில் முதலாவதாக வருவது அந்தப் போயா நாள்தான். யாரையாவது திருத்த வேண்டி வந்தால், பிள்ளையையோ தொழில் பழகும் பையனையோ, உங்களையேகூட, கையில் கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். இது போனால் இதைச் சார்ந்து நிற்பது எது, அதை யார் பிடித்துக்கொள்வார் என்று கேளுங்கள். பிடித்துக்கொள்ள ஆளை நிறுத்திவிட்டு வெட்டுங்கள். சாண் சாணாக வெட்டுங்கள். ஒட்டிய இடம் ஆறட்டும். பிறகு, பயமாக இருந்தாலும், முட்டுகளை எடுத்துவிடுங்கள்.

அன்று இரும்பை அறுத்தெடுத்த பிறகு மகன் வலது கதவைத் தூக்கி வந்து மாட்டினான். பெயின்ட் இல்லாத, வெறும் தகட்டுக் கதவு. ஒரு விரலால் தள்ளினான். அது போய்த் தன் இடத்தில் ‘டக்’ என்று உட்கார்ந்தது. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “என்ன சத்தம்?” என்றாள்.

“கதவு மூடுச்சும்மா” என்றான்.